புட்டிக்குள் வந்த கடல்

குருசடைத் தீவில் கால் வைக்காமலேயே அந்தத் தீவின் உயிர்களைப் பற்றித் தேர்வு எழுதியவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். விலங்கியல் படித்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கல்லூரி ஆய்வுக்கூடத்து மர அலமாரியில் வரிசை வரிசையாக ஃபார்மலின் புட்டிகள் இருக்கும். ஒன்றில் பலனோகிளாசஸ் என்ற மெலிந்த புழு, அடுத்ததில் சுருங்கிப்போன கடல் அட்டை, அதற்கடுத்ததில் நட்சத்திர மீன், மூலையில் வெளுத்த பவளத் துண்டு. இவற்றில் பலவும் பாம்பனுக்கு அருகே, குந்துகால் கரைக்கு எதிரே கிடக்கும் அந்தச் சின்னத் தீவைச் சுற்றிய ஆழமில்லாக் கடலில் எடுக்கப்பட்டவை. முதுகெலும்பு உள்ள உயிர்களுக்கும் இல்லாத உயிர்களுக்கும் நடுவே நிற்பது என்பதால் அந்தப் புழுவுக்குத் தேர்வில் தனி மதிப்பு உண்டு. குருசடையின் பெயர் வகுப்பறைகளில் நிலைத்ததற்கு அதுவே பெரிய காரணம்.

ஒரு புட்டியில் ஓர் உயிர்தான் இருக்கும். பவளத்திட்டிலோ எந்த உயிரும் தனித்து இருப்பதில்லை. ஒன்று இன்னொன்றின் மேல், உள்ளே, நிழலில், வாய்க்குள்கூடக் குடியிருக்கிறது. மன்னார் வளைகுடாவின் பவளத்திட்டுகளை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கி நூறாண்டு கடந்துவிட்டது. அந்தக் கல்வி பெரும்பாலும் உயிர்களைப் பிரித்து அடுக்கிக் காட்டியதாகவே இருந்திருக்கிறது. சேர்ந்து வாழ்வதைக் காட்டும் வேலை பின்னால்தான் வந்தது. பள்ளிப் பிள்ளைகளைப் பொறுத்தவரை அது இன்னும் சரியாகத் தொடங்கவே இல்லை.

இந்தக் கதையில் முதலில் வருகிறவர் எட்கர் தர்ஸ்டன். தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றிய 7 தொகுதிகளால் தமிழர்களுக்கு அவர் பெயர் பழக்கம். ஆனால் 1885-ல் சென்னை அருங்காட்சியகப் பொறுப்பை ஏற்றபோது அவர் முதலில் கைவைத்தவற்றுள் ஒன்று கடல். ராமேசுவரத்திலும் அதைச் சுற்றிய தீவுகளிலும் கடலுயிர்களைத் திரட்டி, 1887-ல் அவற்றைப் பற்றிய முதல் அறிக்கையை வெளியிட்டார். மூன்று ஆண்டுகள் கழித்து முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு பற்றியும் மன்னார் வளைகுடாவின் கடலுயிர்கள் பற்றியும் எழுதினார். சேகரித்தவை எழும்பூருக்கு வந்தன. கடலைக் கண்டிராத உள்நாட்டுக் குடும்பங்கள் பவளத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்க்க முடிந்தது. அது உயிரற்ற வெள்ளைக் கூடுதான். அதற்குள் இருந்த நிறமும் அசைவும் எழும்பூர் வரை வரவில்லை.

உயிரோடு பார்க்க முயன்றவர்களும் அதற்கு முன்பே இருந்தார்கள். ஆஸ்திரியாவைச் சேர்ந்த ஓய்கன் ரான்சொனே என்ற பிரபு 1860-களின் நடுவில் இலங்கையின் காலித் துறைமுகத்தில், நீர்மூழ்கு கூண்டு ஒன்றுக்குள் அமர்ந்து கடலடிக்குப் போனார். பவளத்திட்டையும் அதனிடையே நீந்திய மீன்களையும் அங்கிருந்தே வரைந்தார். தண்ணீருக்குள் உட்கார்ந்து வரையப்பட்ட முதல் பவளப் படங்கள் அவை என்று சொல்வது வழக்கம். மன்னார் வளைகுடாவுக்கு இத்தனை அருகில் அப்படியொரு முயற்சி நடந்தும் அது இங்கே யாருடைய பாடத்திலும் நுழையவில்லை.

தர்ஸ்டனுக்கே புட்டி போதவில்லை என்று தோன்றியிருக்க வேண்டும். சென்னையில் ஒரு மீன்காட்சியகம் வேண்டும் என்று 1905-ல் திட்டம் முன்வைத்தவர் அவர்தான். லண்டன் விலங்குக் காட்சிச்சாலையில் 1853-ல் முதல் பொது மீன்காட்சியகம் திறந்து அரை நூற்றாண்டு ஆகியிருந்த காலம் அது. மெரினா கடற்கரையில் 1909 அக்டோபரில் காட்சியகம் திறக்கப்பட்டது. அதற்குள் தர்ஸ்டன் ஓய்வு பெற்றுவிட்டார். 1919-ல் அது மீன்வளத் துறையின் கைக்குப் போனது. சென்னைக் கரையில் பவளத்திட்டு கிடையாது. ஆனாலும் ஒரு பிள்ளை, தட்டில் கிடக்கும் மீனாக இல்லாமல், தண்ணீரில் இன்னொரு மீனைத் துரத்தும் மீனாகப் பார்க்க முடிந்த இடம் நகரத்தில் அது ஒன்றுதான். இரண்டாம் உலகப் போரின்போது அது மூடப்பட்டது. அந்தக் கட்டடமும் அந்தக் கூட்டமும் பழையபடி திரும்பவில்லை. மாநிலத் தலைநகரம் தன் பிள்ளைகளுக்குக் கொடுத்து, பிறகு பறிகொடுத்தவற்றுள் இதைப் பெரிய இழப்பாகவே எண்ண வேண்டும்.

இரண்டாமவர் ஜேம்ஸ் ஹார்னெல். இவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இங்கிலாந்துக்கும் பிரான்சுக்கும் இடையிலுள்ள ஜெர்சி தீவில் 1890-களில் ஒரு சிறிய கடல் உயிரியல் நிலையத்தை நடத்தியவர் அவர். கண்ணாடித் தகடுகளில் பதித்த நுண்ணுயிர்களையும், பதப்படுத்திய கடலுயிர்களையும் மாணவர்களுக்கு விற்றார். அவற்றை விளக்கும் இதழ் ஒன்றையும் நடத்தினார். கடலைக் கற்பிப்பது அவருக்குத் தொழிலாகவே இருந்தது. லிவர்பூல் பேராசிரியர் ஹெர்ட்மன் 1902-ல் இலங்கையின் முத்துப்பார்களை ஆராய வந்தபோது ஹார்னெலையும் உடன் அழைத்துவந்தார். ஹெர்ட்மன் திரும்பிப் போனார். ஹார்னெல் இந்தக் கடலிலேயே தங்கிவிட்டார்.

அந்த இருவரும் முத்து எப்படி விளைகிறது என்பதற்கு ஒரு விளக்கம் சொன்னார்கள். ஒரு நாடாப்புழுவின் குஞ்சு முத்துச்சிப்பிக்குள் புகுந்து, அங்கே மடிந்து, அதைச் சுற்றி முத்து படிகிறது. அந்தச் சிப்பியைக் கிளாத்தி மீன் தின்கிறது. கிளாத்தியைத் திருக்கை தின்கிறது. திருக்கையின் குடலில் புழு முழு வளர்ச்சி பெற்று, அதன் முட்டைகள் மறுபடி கடலுக்கு வருகின்றன. இந்த விளக்கம் பின்னாளில் நிற்கவில்லை. முத்துக்கு அந்தப் புழுதான் காரணம் என்பதை ஆய்வாளர்கள் ஏற்கவில்லை. ஆனால் சிப்பி, கிளாத்தி, திருக்கை, புழு ஆகிய நான்கையும் ஒரே கதையில் கோத்துப் பார்த்த அந்தப் பார்வை மன்னார் வளைகுடாவுக்குப் புதிது. சிப்பியை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தவர்கள், சிப்பியைத் தின்பது யார் என்றும் கேட்கத் தொடங்கினார்கள்.

ஹார்னெல் பிறகு சென்னை மாகாண மீன்வளத் துறைக்கு வந்து, 1918 முதல் அதன் இயக்குநராக இருந்தார். குருசடைத் தீவு அந்தத் துறையின் கடலுயிர் நிலையமாக வளர்ந்தது. கல்லூரிகளுக்கு மாதிரிகள் அனுப்பும் பணியைத் துறை எடுத்துக்கொண்டது. ஆய்வுக்கூட அலமாரிகள் அப்படித்தான் நிரம்பின. முன்பு இந்திய மாணவர்கள் ஐரோப்பியக் கடலின் உயிர்களை ஐரோப்பியப் பாடநூலில் படித்துக்கொண்டிருந்தார்கள். தங்கள் கரையில் கிடப்பதையே கையில் எடுத்துப் பார்க்கும் வாய்ப்பை இந்தப் புட்டிகள் கொடுத்தன. அதைக் குறைத்துச் சொல்வது நியாயமில்லை.

அந்தக் காலத்தின் உச்சம் 1927-ல் வந்த ஒரு நூல். சென்னை அருங்காட்சியகக் கண்காணிப்பாளர் எஃப்.எச்.கிரேவ்லியின் பொறுப்பில், குருசடைத் தீவின் கரையோர உயிர்களைப் பற்றிப் பலர் எழுதிய தொகுப்பு அது. கடற்பஞ்சு முதல் மீன் வரை வகை வகையாகப் பிரித்து, எது எங்கே கிடைக்கும் என்று குறித்தது. இன்றைக்கும் அந்தத் தீவைப் பற்றிய எந்த ஆய்வும் அதைத் தொடாமல் நகர்வதில்லை. கிரேவ்லி பிறகு 1940-களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் ஒதுங்கும் சிப்பிகள், சங்குகளைப் பற்றியும் எழுதினார். கடற்கரையில் நடக்கும் எவரும் குனிந்து எடுத்ததைப் பெயர் சொல்லி அறிய உதவும் எழுத்து அது.

ஆனால் 1927-ம் ஆண்டு நூலில் ஒரு பெரிய செய்தி இருக்க முடியாது. பவளம் என்ற விலங்கு எதைத் தின்று அத்தனை பெரிய திட்டைக் கட்டுகிறது என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

பவளம் விலங்கு என்பதையே உலகம் ஏற்கப் பட்ட பாடு சிறிதல்ல. பிரான்சின் மார்சேய் நகரத்து மருத்துவர் பேசொனேல், செடியில் பூ என்று எல்லாரும் எண்ணியவை உண்மையில் சிறு விலங்குகள் என்று 1720-களில் கண்டு எழுதினார். பாரிஸ் அறிவியல் கழகத்தில் அதை வாசித்த அறிஞர் ரயோமூர், எழுதியவருக்கு அவமானம் வந்துவிடுமோ என்று பெயரைச் சொல்லாமலே வாசித்தார். இருபது ஆண்டுகளுக்குப் பிறகுதான் அந்தக் கருத்து நிலைபெற்றது. ஆகவே பவளத்தைக் கல் என்று சொல்லும் ஆறாம் வகுப்புப் பிள்ளையைப் பார்த்து ஆசிரியர் சிரிக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவின் பெரிய அறிஞர்கள் தடுமாறிய இடத்தில்தான் அந்தப் பிள்ளையும் நிற்கிறது.

உணவுப் புதிருக்கு விடை இன்னும் தாமதமாகவே வந்தது. பவளப்பூச்சியின் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் இருப்பதை 19-ம் நூற்றாண்டிலேயே கண்டிருந்தார்கள். அவை அங்கே என்ன செய்கின்றன என்பதில்தான் சண்டை. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில் 1928, 1929-ம் ஆண்டுகளில் முகாமிட்ட பிரிட்டிஷ் ஆய்வுக் குழுவின் தலைவர் யாங், பாசிகள் பவளத்தின் கழிவை அகற்றித் துணைசெய்கின்றன, உணவு கொடுப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தார். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் கதிரியக்கக் கரிமத்தைப் பயன்படுத்திச் சோதித்தபோது அந்த முடிவு மாறியது. பாசி சூரிய ஒளியில் சமைத்த உணவு பவளத்தின் உடலுக்குள் போவதைக் கண்கூடாகக் காட்ட முடிந்தது. பவளத்துக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பங்கு அந்தப் பாசியிடமிருந்தே வருகிறது. பவளம் அதற்குத் தங்க இடமும் கழிவிலிருந்து உரமும் தருகிறது. கடல்நீர் வழக்கமான கோடைச் சூட்டைவிட ஒரு டிகிரி கூடி, சில வாரங்கள் அப்படியே நீடித்தால் இந்த உறவு முறிகிறது. பாசி வெளியேறுகிறது; பவளம் வெளுக்கிறது; சூடு தணியாவிட்டால் பட்டினியில் சாகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் மன்னார் வளைகுடா இதைக் கண்டது.

இந்த ஒரு உறவைப் புரிந்துகொண்ட பிள்ளைக்கு மற்றவை எளிதாகத் திறந்துகொள்ளும். கடல் சாமந்தியின் கொட்டும் கைகளுக்கிடையே கோமாளி மீன் அஞ்சாமல் படுத்திருக்கிறது. அதன் உடலைப் போர்த்திய வழவழப்புதான் காப்பு. பதிலுக்கு அது சாமந்தியைக் கொறிக்க வரும் மீன்களை விரட்டுகிறது. அதன் கழிவு சாமந்திக்கு உரமாகிறது. மணலில் வளை தோண்டும் ஓர் இறாலுக்குக் கண் சரியாகத் தெரியாது. வளை வாசலில் ஓர் உளுவை மீன் காவல் நிற்கும். இறால் தன் மீசையை உளுவையின் உடலில் வைத்தபடியே வெளியே வரும். உளுவை வாலை அசைத்தால் இரண்டும் உள்ளே போய்விடும். துப்புரவு செய்யும் சிறு மீன் ஒன்று தன் இடத்தில் காத்திருக்க, பெரிய கலவா மீன் வந்து வாயைத் திறந்து நிற்கும். சிறு மீன் உள்ளே புகுந்து ஒட்டுண்ணிகளைத் தின்றுவிட்டுப் பத்திரமாக வெளியேறும். கடல் அட்டையின் பின்துளை வழியாக உள்ளே புகுந்து அதன் உடலுக்குள்ளேயே பகலைக் கழிக்கும் மீனும் உண்டு. இதைக் கேட்டுச் சிரிக்காத பிள்ளை இருக்காது. சிரித்த பிள்ளை அதை மறக்கவும் மறக்காது.

எல்லா உறவும் நட்பும் அல்ல. கிளிமீன் தன் அலகால் பவளத்தைச் சுரண்டும்போது பவளத்துக்கு வலிக்குமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். சுரண்டுவது பெரும்பாலும் பாசியை. அதைச் சுரண்டாவிட்டால் பாசி வளர்ந்து பவளத்தை மூடிவிடும். சேர்த்து விழுங்கிய சுண்ணாம்பு மணலாக வெளியே வந்து விழுகிறது. தீவைச் சுற்றிய வெள்ளை மணலில் ஒரு பங்கு அந்த மீன்களின் வேலை. கொடுக்கல் வாங்கல், திருட்டு, காவல், கொலை எல்லாம் ஒரே இடத்தில் நடக்கின்றன. ‘ஒற்றுமையே பலம்’ என்ற பாடமாக இதைச் சுருக்கிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது கடலுக்கும் பிள்ளைகளுக்கும் செய்யும் குறை.

இப்படி உயிரோடு பார்க்கும் வேலை நம் கரையில் விடுதலைக்குப் பிறகு வலுப்பெற்றது. இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் தொழிலாளர்களைத் தடுத்துவைத்துச் சோதித்த மண்டபம் முகாம், 1949 முதல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இருப்பிடமானது. அங்கே சி.எஸ்.கோபிநாத பிள்ளை பவளங்களை இனம் இனமாகப் பிரித்து ஆராய்ந்தார். தூத்துக்குடியில் மகாதேவனும் நாகப்பன் நாயரும் காற்றுக் கலனைச் சுமந்து முத்துப்பார்களில் தாங்களே மூழ்கினார்கள். 1969 ஜனவரியில், உலகப் பவளத்திட்டு ஆய்வாளர்களின் முதல் பன்னாட்டுக் கருத்தரங்கு மண்டபம் முகாமில்தான் நடந்தது. இன்று உலகம் முழுக்க நாடு மாறி நாடு நடக்கும் அந்தக் கருத்தரங்கு வரிசைக்கு மூலம் ராமநாதபுரம் மாவட்டம் என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியவே தெரியாது.

அதே ஆண்டுகளில் அதே கடலில் படகுகள் பவளக்கல்லை ஏற்றிக்கொண்டிருந்தன. கடப்பாரையால் பெயர்த்த கல் கரைக்கு வந்து சுண்ணாம்புக் காளவாய்க்குப் போனது. வீட்டுச் சுவருக்குப் போனது. பிறகு தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கும் போனது. இது பழைய வழக்கம்தான். 1964 டிசம்பர்ப் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவரை உற்றுப் பார்த்தால், கல்லுக்குள் பவளப்பூச்சிகள் குடியிருந்த குழிகளின் கோலம் தெரியும். ஊர்த்தேவைக்கு எடுத்தவரை திட்டு தாங்கியது. ஆலைத் தேவைக்கு எடுத்தபோது தாங்கவில்லை. அலையின் வேகத்தை உடைக்கும் பவளம் போனதும் தீவு கரைந்தது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டியும் விலாங்குசல்லியும் நீருக்குள் போய்விட்டன. 1969 கருத்தரங்கிலேயே மகாதேவனும் நாயரும் பவளம் தோண்டப்படுவதைக் கட்டுரையாக எழுதி வைத்தார்கள். மன்னார் வளைகுடாவைக் கடல் தேசியப் பூங்காவாக்கும் அறிவிப்பு 1986-ல்தான் வந்தது. பவளங்கள் 2001-ல் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்தன. தோண்டுவது 2005 வாக்கில்தான் நின்றது. அறிவு இருந்தது; அது ஆய்வாளர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது.

சட்டம் வந்த பிறகு, கடலோரப் பள்ளிகளுக்கும் பவளப் பாடம் வந்தது. சூழல் மன்றங்கள், சுவரொட்டிகள், ஓவியப் போட்டிகள் நடந்தன. ராமநாதபுரத்தில் அமைந்த உயிர்க்கோளக் காப்பக அறக்கட்டளை ஊர் ஊராக விழிப்புணர்வுப் பணி செய்தது. நல்ல முயற்சிகள்தான். ஆனால் அந்தப் பிள்ளைகளின் காதில் பவளத்திட்டு முதலில் விழுந்தது ஒரு தடையாக: அங்கே போகாதே, அதைத் தொடாதே, அப்பா கடல் அட்டை எடுத்தால் வழக்கு. ஒரு தொழிலை நிறுத்திய சட்டத்தின் காரணத்தை, அந்தத் தொழிலால் சாப்பிட்ட வீட்டுப் பிள்ளைக்குப் பொறுமையாக விளக்கியவர்கள் குறைவு.

விளக்கக்கூடியவர்கள் அந்த ஊர்களிலேயே இருக்கிறார்கள். பாம்பன், சின்னப்பாலம் பகுதிப் பெண்கள் தலைமுறைகளாகக் கடல்பாசி எடுக்கிறார்கள். விரல்களில் துணி சுற்றி, காலடியில் தகடு கட்டி, கண்ணாடி மாட்டி மூச்சடக்கி மூழ்குகிறவர்கள். எந்தக் கல்லின் இடுக்கில் அஞ்சாலை பதுங்கும், ஓரா மீன் எந்தப் பாசியை மேயும், எந்த மாதம் பாசி முளைவிடும் என்பதெல்லாம் அவர்களுக்கு உடம்பில் பதிந்த அறிவு. பாசி மறுபடி வளர வேண்டும் என்று மாதத்தில் 12 நாள் மட்டும் எடுப்பது, இனப்பெருக்கக் காலத்தில் நிறுத்துவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களை ஒன்றுதிரட்டிய சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் தீவுகளின் சூழல் காப்புக்கான சீகாலஜி பரிசு கிடைத்தது. ஒரு ஆய்வாளர் பல ஆண்டு மூழ்கிச் சேர்க்கும் அறிவு இந்தப் பெண்களிடம் பேச்சாகவே இருக்கிறது.

இன்று குந்துகாலிலிருந்து குருசடைக்கு வனத்துறை அனுமதியோடு படகில் போகலாம். பிரப்பன்வலசையிலும் காரங்காட்டிலும் ஊர்மக்கள் துணையோடு கடலைக் காட்டும் ஏற்பாடு நடக்கிறது. கோடைப் பயணமாக ராமேசுவரம் வரும் பள்ளிகள் கோவில், பாலம், தனுஷ்கோடி என்று முடித்துக்கொண்டு கடைவீதியில் சிப்பிமாலை வாங்கித் திரும்புகின்றன. அந்த ஒரு மதிய நேரத்தைக் கடலுக்குக் கொடுக்கலாம். நீர் வற்றிய நேரத்தில் கரையோரக் கல்லொன்றை மெல்லப் புரட்டி, அடியில் இருப்பவற்றைப் பார்த்து, இருந்தபடியே திரும்ப வைக்கக் கற்றுக்கொடுக்கலாம். உயிருள்ள பவளத்தின் மேல் மிதிக்கக் கூடாது என்பதை அந்த இடத்தில் நின்று சொன்னால் பிள்ளைக்குப் புரியும்.

அரசு ஒன்றைச் செய்யலாம். மண்டபம், ராமேசுவரம் வட்டாரப் பள்ளிகளுக்குக் கடல்பாசிப் பெண்களைக் கடல் ஆசிரியர்களாக அழைக்க வேண்டும். ஒருநாள் விருந்தினராக அழைத்துச் சால்வை போர்த்தி அனுப்புவது போதாது. மாதச் சம்பளமும் பாடவேளையும் கொடுத்து அமர்த்த வேண்டும். அதற்கான செலவு, ஒரு மாவட்டத்தில் விழிப்புணர்வுச் சுவரொட்டி அச்சடிக்கும் செலவைவிட அதிகம் ஆகாது.